அண்ணன் ஆசையா வாங்கின கம்ப்யூட்டர்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. தீபாவளிக்கு லீவு எடுத்துக்கிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். வீடுன்னா யட்டியாந்தோட்டை டவுன்லேர்ந்து மேல ஏறிப் போனா வர்ற ஒரு ரப்பர் தோட்டம். அங்க லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை அறை வீடுகள்ல, எங்க காம்பரா.

நான் கொழும்புல ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடையில பில் போடுற வேலை பார்க்கிறேன். பில் மட்டும்தான். எந்த சாமான் என்ன விலை, எதோட எது பொருந்தும், எது வித்த வேகத்துல திரும்பி வரும், எல்லாம் மனப்பாடம். ஆனா ஒரு ஸ்குரூவைக்கூட என் கையால கழட்டினது கிடையாது. இதை நான் தோட்டத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல. கொழும்புக்குப் போன பிள்ளைங்க ஊருக்கு வந்தா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவோம். சப்பாத்துக் கடையில பெட்டி தூக்குறவன் தன்னை மேனேஜர்னு சொல்லிக்குவான். நானும் "கம்ப்யூட்டரெல்லாம் நாங்கதான் செட் பண்ணிக் குடுக்கிறோம்"னு சொல்லி வெச்சிருந்தேன். அம்மா அதை இன்னும் ஒரு படி ஏத்தி, பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற நேரத்துல, "எங்க மகள் இஞ்சினியர் மாதிரித்தான்"னு பேசிட்டு வருவாங்க. நான் வேணாம்னு தடுக்கல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்த காம்பராவுல என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். டவுன்ல ஆட்டோ ஓட்டுது. ஹயர் இல்லாத நேரமெல்லாம் போன்ல கேம்தான். ஆட்டோ ஸ்டாண்ட்ல அதுக்குப் பேரே கேம்காரன். "பொண்ணு பார்க்கிற வயசுல இவனுக்குக் கேமாம், கேம்!"னு பெரியம்மா தலையில அடிச்சுக்குவாங்க. அது சிரிச்சுக்கிட்டே போயிரும். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, இந்த ஒரு ஆசைதான். நல்ல கேமெல்லாம் ஓடுற ஒரு கம்ப்யூட்டரை, பெரிய விலையும் இல்லாம மட்டமும் இல்லாம, பாட் பாட்டா, தனித்தனிச் சாமானா வாங்கி ஒண்ணாச் சேர்த்துப் பூட்டணும்னு ரொம்ப நாளா காசு சேர்த்துக்கிட்டிருந்துச்சு.

அந்த வருஷம் பூரா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எனக்குப் போன் வரும். எடுத்த எடுப்புல, "புள்ள, அந்தக் கண்ணாடிக் கேசிங், உள்ள கலர் கலரா லைட் சுத்துமே, அது போடுவோமா?"

"லைட்டு வேணும்னா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்க அண்ணே. அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்டுல போடுங்க, கேம் நல்லா ஓடும்"னு நான் சொல்லுவேன்.

ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டு இருந்துட்டு, மூணாம் நாள் வேற கேள்வியோட வரும். பவர் சப்ளையில மட்டும் நான் விட்டுக்குடுக்கவே இல்ல. சனங்க அதைத்தான் மலிவா வாங்குவாங்க, அதுதான் கருகித் திரும்பி வரும். எங்க பக்கம் ஐப்பசியில மத்தியானம் தாண்டினா இடிதான், அதனால யூ.பி.எஸ். கட்டாயம்னு சொன்னேன். ரேமை ஒத்தையா போடாம ரெண்டாப் போடச் சொன்னேன். கடைசியில அதோட ஆசைக்காக ரெண்டே ரெண்டு கலர் ஃபேன் மட்டும் விட்டுக்குடுத்தேன். இன்னைக்கும் சொல்றேன், பாட்ஸ் தெரிவு செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. அதோட நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

தீபாவளி நெரிசல்ல கொழும்புலேர்ந்து இத்தனை பெட்டியையும் பஸ்ல தூக்கிட்டு வர முடியாது. அதனால எங்க ஊருக்குக் கிட்ட இருக்கிற கேகாலையில ஒரு கடைக்குப் போனோம். அந்த முதலாளி எங்க கடையிலேர்ந்துதான் மொத்தமா சாமான் எடுக்கிறவரு. முஸ்லிம் பெரியவர், வாரா வாரம் என்கிட்ட போன்ல பேசுறவரு, என்னை மகள்னுதான் கூப்பிடுவாரு. நேர்ல பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கதிரை போட்டு டீ சொன்னாரு. அண்ணன் ஆட்டோக்காரர்தானேன்னு யாரும் அதை உட்காரச் சொல்லல. நானும் சொல்லல.

எல்லாம் எடுத்து வெச்சதும், "கொஞ்சம் இருங்க மகள், நம்ம டெக்னீஷியன் பூட்டியே தந்திருவான்"னாரு.

"எதுக்கு அங்கிள்? நானே பூட்டிக்குவேன்"னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேட்டா என்ன சொல்ல? அந்தக் கதிரை, அந்த டீ, அந்த மரியாதை. அண்ணன் வேற பக்கத்துல நின்னு, பார்த்தீங்களா எங்க தங்கச்சியைங்கிற மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

தீபாவளிக்கு முதல் நாள் பெரியம்மா காம்பராவுல பாயை விரிச்சு ஆரம்பிச்சேன். லயத்துல பாதிச் சனம் வாசல்ல. நான் பார்த்து வெச்சிருந்தது ரெண்டே ரெண்டு வீடியோ. மதர்போர்டுல பிராசசர் உட்கார்ற இடத்துல முடி மாதிரி மெல்லிசா நூத்துக்கணக்குல பின் இருக்கும். பிராசசரைத் திசை பார்த்து, மேல மெதுவா வெச்சாப் போதும், அமுக்கவே கூடாது. எனக்கோ கை வேர்த்துப் போச்சு. ஒரு மூலை நழுவி உள்ள விழுந்துச்சு. அதைத் தூக்கி எடுக்காம, அப்படியே இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தி உட்கார வெச்சேன். மூடியைப் போட்டுக் கம்பியை இழுத்து அமுக்கினப்போ கறகறன்னு ஒரு சத்தம். சத்தம் வரும், பயப்படாதீங்கன்னு வீடியோவுல சொன்னது ஞாபகம் இருந்துச்சு, பேசாம விட்டுட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுத்துச்சு. கலர் லைட் எரிஞ்சுச்சு. சின்னப் பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. வயரை மாத்திக் குத்தினேன், ரேமைக் கழட்டிப் போட்டேன், ம்ஹும். வாசல்ல நின்ன சனம் ஒவ்வொருத்தரா கலைஞ்சாங்க. நேரம் பார்த்து இடி முழங்கி கரண்டும் போச்சு.

எல்லா வயரையும் பிடுங்கிட்டு, அண்ணனைப் போன் டோர்ச்சைப் பிடிக்கச் சொல்லி, பிராசசரைக் கழட்டிப் பார்த்தேன். அந்தப் பின்னெல்லாம் வரிசையா நிக்க வேண்டிய இடத்துல, ஒரு மூலையில மட்டும் வாரின தலையில கலைஞ்ச முடி மாதிரி படுத்துக் கிடந்துச்சு. பின் வளைஞ்சா வாரண்டி கிடையாதுன்னு நான் அடிக்கிற ஒவ்வொரு பில்லுலயும் கீழ வருது. தினமும் படிக்கிற வரி அது.

போர்டோட வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்து சட்டுன்னு பின் மேல போட்டு மறைச்சேன். "போர்டு பிழை அண்ணே. பழைய சாமானை நம்ம தலையில கட்டிட்டாங்க போல"ன்னேன். கூசாம வந்துச்சு அந்தப் பொய். அண்ணன் டோர்ச்சை அணைச்சிட்டு, "சரி, தீபாவளி முடியட்டும், போய் மாத்திட்டு வருவோம்"னு மட்டும் சொல்லுச்சு.

தீபாவளி முடிஞ்சு மறுநாள், ஆட்டோவுல கேகாலைக்குப் போனோம். வழி பூரா கும்பிடாத சாமியில்ல. டெக்னீஷியன் கவனிக்கக் கூடாது, பேசாம வேற போர்டைத் தூக்கிக் குடுத்திரணும்னு வேண்டிக்கிட்டே போனேன். அவன் எப்படிக் கவனிக்காம இருப்பான்? மூடியைத் திறந்து லென்ஸை வெச்சான், ஒரு நிமிஷம்கூட ஆகல, பின் வளைஞ்சிருக்குன்னு சிங்களத்துல உரக்கச் சொன்னான். முதலாளி எழும்பி வந்தாரு. கடையில நாலஞ்சு பேர் நின்னாங்க.

"இதை யாரு பூட்டினது?"ன்னு கேட்டாரு.

நான் டெக்னீஷியன் கையில இருந்த போர்டையே பார்த்தேன். அதுக்குள்ள அண்ணன், "நான்தான் முதலாளி. தங்கச்சி குளிக்கப் போயிருந்துச்சு. அவசரப்பட்டு நான் கை வெச்சிட்டேன்"னுச்சு.

முதலாளிக்கு வந்துச்சே கோவம்! "தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறீங்க? இது என்ன ரப்பர் மரமா, கத்தியை வெச்சுக் கீறிட்டுப் போறதுக்கு? ஆட்டோ ஓட்டுற கையால செய்யிற வேலையா இது?"ன்னு ஏசினாரு. யாரோ சிரிச்சாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணிச்சு, "நீங்க வீட்டுல இருந்துமா மகள் இப்படி?"ன்னாரு.

நான் சொன்னேன், "நான் சொன்னேன் அங்கிள். கேக்கல."

என்னை யாரும் நெருக்கல. சும்மா நின்னிருந்தாக்கூட போதும். அண்ணனே பழியைத் தூக்கிக்கிச்சு, அதுக்கு மேல நான் எதுக்கு ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டேன்? அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "ஆமா முதலாளி, பிழைதான்"னு சொல்லிட்டு, அந்தப் போர்டை மறுபடி பெட்டியில போட்டு எடுத்துக்கிச்சு.

திரும்பி வரும்போது ருவான்வெல்லைக்கிட்ட ஒரு டீக்கடையில ஆட்டோவை ஓரங்கட்டி, ரெண்டு பிளேன்டீ வாங்கி வந்துச்சு. நான் பின்சீட்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தேன்.

"டோர்ச்சைப் பிடிச்சிருந்தது நான்தானே. எனக்கும் கண்ணு இருக்கு புள்ள"ன்னுச்சு.

"தெரிஞ்சுமா அண்ணே? அப்புறம் ஏன்?"

"அந்த ஆள் மூஞ்சியை நான் இனிமே பார்க்கணும்னு என்ன இருக்கு? நீ லீவு முடிஞ்சு போனதும் அவரோட பேசணும். இவள் பொய் சொல்லி போர்டு மாத்த வந்தவள்னு உங்க கடைக்குச் சொன்னா உன் வேலை என்ன ஆகும்?" டீயை ஊதி ஊதி ஒரு வாய் குடிச்சிட்டு, "ஆனா, சொன்னேன் கேக்கலன்னு சொன்னே பாரு. அது கொஞ்சம் சுட்டுச்சு"ன்னுச்சு. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

லயத்துக்கு வந்ததும் அண்ணனே எல்லார்கிட்டயும் அதே கதையைச் சொல்லிருச்சு. பெரியம்மா அண்ணனை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. ஆட்டோ ஸ்டாண்ட்ல கேம்காரன்ங்கிற பேர் போய், போர்டை உடைச்சவன்னு ஆச்சு. "நல்ல வேளை, மகள் கை வைக்கல"ன்னு அம்மா சொன்னப்போ நான் முறுக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கொழும்பு பஸ் ஏறிட்டேன்.

கம்ப்யூட்டர் அலுமாரி மேல மூட்டையா கிடந்துச்சு. நான் போர்டு வாங்கித் தர்றேன்னேன், அண்ணன் கேக்கல. மறுபடி சேர்த்து, தைப்பொங்கல் தாண்டித்தான் புதுசு வாங்குச்சு. எல்லாத்தையும் கொழும்புக்குக் கொண்டு வர, எங்க கடை டெக்னீஷியன்தான் அதைப் பூட்டி, ஓட விட்டுப் பார்த்துக் குடுத்தாரு. நல்ல காலம், பிராசசருக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் ஒரு தடங்கலும் இல்லாம ஓடுது.

கேகாலை முதலாளி ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும், "எப்படி மகள், உங்க அண்ணன் இன்னும் சாமான் உடைக்கிறாரா?"ன்னு பகிடியா கேப்பாரு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். மாசக்கணக்கா சிரிச்சேன். ஒரு நாள் அப்படிச் சிரிச்சிட்டுப் போனை வைக்கும்போது எனக்கே என் மேல அருவருப்பா வந்துச்சு. வேலை போனாப் போகட்டும்னு, அப்பவே திரும்ப எடுத்து நடந்ததைச் சொல்லிட்டேன். வளைஞ்சதைப் பார்த்த பிறகும் மறைச்சுக் கொண்டு வந்தேங்கிறதையும் சொன்னேன்.

அவர் முழுசாக் கேட்டாரு. அப்புறம், "அப்ப அந்தத் தம்பியையா நான் அத்தனை பேருக்கு முன்னால அப்படி ஏசினேன்?"ன்னாரு. அண்ணனோட நம்பரைக் கேட்டு வாங்கி, அவரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்காரு. எங்க கடைக்கு அவர் ஒண்ணும் சொல்லல. இப்பவும் என்னை மகள்னுதான் கூப்பிடுறாரு, ஆனா அந்தப் பகிடிப் பேச்செல்லாம் நின்னு போச்சு. அண்ணன்தான் எனக்குப் போன் எடுத்து, "நான் பொத்தி வெச்சதை நீ எதுக்குடி அவுத்து விட்டே?"ன்னு கத்துச்சு. அடுத்த தடவை வீட்டுக்குப் போனப்போ அம்மாகிட்டயும் பெரியம்மாகிட்டயும் நானே சொன்னேன். அந்த லீவு பூரா பெரியம்மா என்னோட முகம் குடுத்துப் பேசல. பேசாதது நியாயம்தான்.

எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு, அண்ணனும் எப்பவோ மறந்திருச்சு, ஆனா என் மனசு ஆறல. இப்பல்லாம் எங்கயாவது ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏச்சு வாங்குறதைப் பார்த்தா, என் கண்ணு முதல்ல போறது அவர்கிட்ட இல்ல, பக்கத்துல நல்ல உடுப்புப் போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற ஆள்கிட்டதான்.