மொக்கைச்சாமி எடுத்த கேசட்டுகள்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை, சந்தனம் குங்குமத்தோடு தையல் மெஷின்கள் ஓய்ந்து கிடந்த நேரத்தில், மொக்கைச்சாமியின் வீடியோ கேசட்டுகள் நல்லூரை விட்டுக் கிளம்பின. அவற்றை வாங்கிப் போக வந்த நிட்டிங் முதலாளி மகள் கீர்த்தனா, வாசலில் காரோடு காத்திருந்தாள். உள்ளே மொக்கைச்சாமியின் மனைவி விஜயராணி கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைக் கடைசியாக ஒருமுறை சோதித்தாள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளின் வீட்டிலிருந்து எந்தப் பெட்டியும் சும்மா வெளியே போகாது. குழந்தைகள் போடுகிற பனியனில் உடைந்த ஊசி நுனி ஒன்று சிக்கியிருந்தால் போதும், அனுப்பிய சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிடும். அதனால் துணி மேல் காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டியை ஒட்டுவார்கள். வீட்டுக்கும் வேலை எடுத்து வந்து செய்ததால், கம்பெனி கொடுத்த கைக்காந்தம் சுவரில் தொங்கியது. விஜயராணி ஒவ்வொரு கேசட்டாகத் துடைத்து, இரண்டு பக்கமும் புரட்டி, காந்தத்தை அழுத்தி ஓட்டினாள். மூலைக்கு மூலை ஊசி கிடக்கிற வீடு. இத்தனூண்டு இரும்பு ஒட்டிக்கொண்டு போய், முதலாளி வீட்டுப் பெண் மொக்கைச்சாமியின் பொருளைக் குறை சொல்லிவிடக் கூடாது.

பெட்டியைக் காரில் ஏற்றியதும், வண்டி நம்பரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"நம்பரு எதுக்குங்கக்கா? எங்க ஊடுதான் நெருப்பெரிச்சல் ஊருக்குள்ள இருக்குதுங்களே?"

"வீடு எங்கிட்டும் போகாது தாயி. காருதான் போகும்."

விஜயராணிக்குச் சந்தேகம் பிறவிக் குணம் அல்ல. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே செக்கிங் மேஜை முன்னால் நின்றவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று நாள் பூராவும் தப்பைத் தேடுகிற கண், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? சிரித்துப் பேசுகிறவரை அவள் இரண்டு தடவை பார்ப்பாள். இனாமாகக் கொடுக்கிறவரை மூன்று தடவை.

மொக்கைச்சாமி நேர் எதிர். அவரும் பனியன் கம்பெனி டெய்லர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய வீடியோ கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெற்கிலிருந்து பிழைக்க வந்த மேளக்காரர்கள் வாரம் முழுக்கச் சாயப்பட்டறையிலும் கட்டிங் மேஜையிலும் நின்றுவிட்டு, ஞாயிறு மதியம் ஒன்றுகூடி வாசிப்பார்கள். இந்த ஊர்த் திடும் மேளக்காரர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். இரண்டு ஊர் மேளமும் இப்படி ஒரே இடத்தில் முழங்கியதை வேறு யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. டாக்குமெண்டரி எடுக்கிறேன் என்று வருஷக்கணக்காக அவர் மட்டும் எடுத்தார். டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ராமுத்தாய் என்ற பெண் உறுமி வாசித்ததை ஒரு கேசட் முழுக்க எடுத்திருந்தார். அதுதான் அவர் படத்துக்கு உயிர்.

படம் முடியவில்லை. டிவிக்காரர் ஒருவர் ஒரு கேசட்டை வாங்கிப் போனார். பொங்கல் நிகழ்ச்சியில் அது வந்தது, எடுத்தவர் என்று வேறு ஆள் பெயரோடு. அதன்பின் மொக்கைச்சாமி கேமராவைத் தொடவேயில்லை. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கீர்த்தனா முதன்முதலில் வந்தாள். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறேன், பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றாள். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். விஜயராணிக்கு அங்கேதான் உறுத்தியது.

"சும்மா செய்யிறதுக்கு நீ என்ன தர்ம சத்திரமா நடத்துற?"

கீர்த்தனா ஒரு கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். கண்ணாடிக்குள்ளே நாடாப் பட்டை மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விஜயராணி இறங்கி வந்தாள். படத்தில் முதலில் மொக்கைச்சாமி பெயர்தான் வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் போன் வந்தது.

"ஒரு கஷ்டமுங்கக்கா. ராமுத்தாய் கேசட்ல படம் நெறைய எடத்துல அழிஞ்சிருக்குதுங்க. மத்ததுலயும் அங்கங்க."

விஜயராணி அந்த மழையிலேயே பஸ் ஏறினாள். நெருப்பெரிச்சலில், அப்பாவின் நிட்டிங் யூனிட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் கீர்த்தனா டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் வைத்திருந்தாள்.

"நல்லதை எல்லாம் ஒதுக்கி வச்சுக்கிட்டு, எனக்கு அழிஞ்சு போச்சுன்னு சொல்றியோ?"

"ஏனுங்கக்கா இப்படிப் பேசறீங்க? நானுந்தான் உங்களச் சந்தேகப்பட்டேன். மேல சீரியல் எதாச்சும் பதிஞ்சுட்டீங்களோன்னு."

"நான் பாக்குற சீரியலுக்கு இந்த ஒரு பெட்டி பத்துமா? போடு, பாப்போம்."

ராமுத்தாய் வந்தாள். வளைந்த குச்சியை உறுமித் தோலில் அழுத்தி இழுத்தாள். அந்த முனகல் எழும்பும்போதே படம் கிழிந்து வெள்ளைப் புள்ளிகளாக இரைந்தது. மறுபடி ராமுத்தாய். மறுபடி இரைச்சல். கோபத்தோடு பார்க்க ஆரம்பித்த விஜயராணி, கொஞ்ச நேரத்தில் செக்கிங் மேஜையில் நிற்பது போல் குனிந்துகொண்டாள். தப்பு ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. துணியில் இப்படி வந்தால் நூலைக் குறை சொல்ல மாட்டார்கள். சுற்றிச் சுற்றித் துணி பின்னுகிற மெஷினில் ஏதோ ஓர் ஊசி கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கேசட்டுக்குள்ள பட்டை சுருட்டித்தான இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப வெளியில ஒரு எடத்துல பட்டது சுத்துக்குச் சுத்து உள்ள எறங்கியிருக்கு. எது பட்டா இப்படி ஆகும்?"

"காந்தம் பட்டா ஆகுமுங்க. படமே காந்தத்துலதானுங்க பதிஞ்சிருக்குது."

யூனிட்டில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் சுவர் வழியே கேட்டது. விஜயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான் தாயி. ஊசி கீசி இருக்கான்னு ஓட்டிப் பாத்தேன். ரெண்டு பக்கமும்."

கீர்த்தனா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு டெக்கை நிறுத்தினாள். "எங்கப்பா கம்பெனிலயும் காந்தம் ஓட்டாம ஒரு பொட்டி வெளிய போவாதுங்க. எனக்குத் தெரியாதா? நான் முன்னாலயே சொல்லி வச்சிருக்கோணும்."

தப்பியதை எல்லாம் சேர்த்து, மொக்கைச்சாமி பெயரை முதலில் போட்டு, இணையத்தில் ஏற்றினார்கள். ராமுத்தாய் ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. 'இவர்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று கீழே எழுதிய கீர்த்தனா, தன் நம்பரைப் போடப் போனாள்.

"உன் நம்பரா? வர்றதெல்லாம் நீ எனக்குச் சொல்லுவங்கிறதுக்கு என்ன நிச்சயம்?"

விஜயராணியின் நம்பரைப் போட்டார்கள். லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். எல்லோரையும் அவள் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், செக்கிங் மேஜையில் நின்றிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது:

"யார் நீங்க? உறுமி அடிக்கிறது எங்க அம்மா ராமுத்தாய். யாரைக் கேட்டு நெட்ல போட்டீங்க? அதையும் ஏன் பாதி பாதியா வெட்டி வச்சிருக்கீங்க? மொக்கைச்சாமி மாமா அப்பவே எங்க அம்மாவுக்கு அந்தக் கேசட்டை ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தாரு. முழுசா இருக்கு, நல்லா ஓடுது. நீங்க அவருக்கு என்ன வேணும்னு மொதல்ல சொல்லுங்க. யாரை நம்பியும் கேசட்டை அனுப்ப மாட்டேன். வேணும்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க. எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். – வெள்ளையன்."