உப்புப் பாறையும் என் கொழுந்தியாளும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இந்த மலைச் சரணாலயத்துக்குள் ஓடும் ஜீப்புகளில் பாதி என்னுடையவை. யாரிடமும் கைகட்டி நின்று வாங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட நானே ஒருத்தியைக் கெட்டிக்காரி என்று சொன்னால் அது என் கொழுந்தியாள் ஒருத்தியைத்தான்.

அவள் அங்கே வனக்காவலர். உச்சியில் செங்குத்துப் பாறை, கீழே புல்வெளி, மலை மடிப்புகளில் பகலிலும் இருட்டுக் கட்டிய சோலை. பாறையில் வாழும் மலையாடுகள் முன்பெல்லாம் மனித வாடை பட்டாலே மறைந்துவிடும். வருகிறவர்கள் பார்க்கட்டுமென்று, சாலையோரத் தட்டைப் பாறையில் உப்பு வைக்கச் சொன்னது அலுவலகம். வைத்தவள் இவள். இவள் ஒரு குரல் கொடுத்தால் மந்தையே இறங்கி வரும். என் ஜீப்பில் வந்தவர்கள் வாய்பிளந்து நிற்பார்கள்.

இந்த முறை குட்டி ஈனும் பருவத்தில் ஆடுகளின் வாயில் புண் கண்டது. வாய் வெந்த குட்டிகள் பால் குடிக்க முடியாமல் சுருண்டு செத்தன. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார்.

“எல்லாம் ஒரே பாறையை நக்குதும்மா. அங்கதான் ஒட்டிக்குது. பிரிஞ்சு மேல போனா மிச்சமாவது பிழைக்கும்.”

அன்றே உப்பை வழித்து எடுத்தாள். பாறையைத் தேய்த்துக் கழுவி, முள் வெட்டிப் போட்டாள். ஆடுகள் முள்ளைச் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்தன.

கல்லெறிந்து விரட்டுவதைத் தவிர வழியில்லை. நானும் கூடப் போனேன்.

“நீங்க ஜீப் வாங்கின கதைய ஆரம்பிங்க மாமா. ஆடென்ன, மலையே எழுந்து ஓடிடும்.”

“கிண்டலா? நான் எறிஞ்சா குறி தப்பாது, பாக்குறியா?”

“ஐயோ, மேல படாம எறிங்க!”

சிரித்த குரல் அப்படியே உடைய, ஆடுகளைப் பார்த்துக் கத்தினாள். “போங்களேன்! இங்க நின்னு சாகாதீங்க, போய்த் தொலைங்களேன்!”

அவள் குரலைக் கேட்டதும் தூரத்தில் நின்றவையும் இறங்கி வந்தன.

அதன்பின் வாயை மூடிக்கொண்டு, பொறுக்கிப் பொறுக்கி எறிந்தாள். உள்ளங்கை வியர்வையில் சொதசொதத்தது. ஒரு கல் உருண்டுபோய், வாய் புண்ணான ஒரு தாயாட்டின் முன் நின்றது. ஆடு பின்வாங்கியது, மோந்தது, நக்கத் தொடங்கியது. வியர்வை உப்பு. அதன் வயிற்றோடு ஒட்டி நின்ற, இன்னும் புண் காணாத குட்டி, தாய் விட்ட இடத்தில் நாக்கை நீட்டியது.

அவள் கைகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“நீங்க எறிங்க மாமா.”

கல்லை எடுத்தேன். என் கையும் நனைந்துதான் இருந்தது.