பேப்பர் விரித்த மேசை

டொராண்டோவின் குயின் வீதியில் ஸ்ட்ரீட்காரை விட்டு இறங்கிய அந்தக் காலையில் மா வறுக்கிற மணம் வந்தது. சட்டியில் மா சிவந்து, இன்னும் கொஞ்சம் பிந்தினால் கருகிவிடும் என்று நிற்கிற கணத்து மணம். பங்குனி மாதம். நடைபாதையோரம் ஊத்தைப்பனி. எனக்கு முன்னும் பின்னும் போன சனங்களுக்கு இந்த மணத்தோடு ஒரு சோலியும் இல்லை. நான் மட்டும் மூக்கை உயர்த்திக்கொண்டு நடுவழியில் நின்றேன். மணம் ஓர் உணவகத்தின் பின்கதவால் வந்துகொண்டிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அன்றைக்கு எனக்கு முதல்நாள் வேலை.

உள்ளே, வெயிலில் காய்ந்த முகமுள்ள ஒரு வெள்ளைக்காரன் கோதுமை மாவை எண்ணெயில் கொட்டி மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டு நின்றான். மா பொன்னிறம் தாண்டி, செம்மண் நிறம் தாண்டி, கோப்பி நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை 'ரூ' என்றான். அவன் ஊரில் எந்தக் குழம்பும் அதிலிருந்துதான் தொடங்குமாம். எங்கள் ஊரில் புட்டு இந்த மணத்திலிருந்துதான் தொடங்கும் என்று சொல்ல எனக்கு ஆசை. கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் நான் விளக்கியதை, மா கருகிவிட்டது என்று குறை சொல்வதாக அவன் எடுத்துக்கொண்டான். கரண்டியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, "இது கருகவில்லை. உனக்குச் சமையல் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டான். ரேமண்ட் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

ரேமண்டின் ஆட்களைக் கேஜன் என்பார்கள். அமெரிக்காவின் தென்கோடியில், லூசியானாவின் சதுப்பு நிலத்தில், பிரெஞ்சு பேசி மீனும் இறாலும் பிடித்து, கரும்பு வெட்டி வாழ்ந்தவர்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெள்ளைத் தோல் என்றால் பங்களாவும் காரும் என்று நானும் நினைத்துத்தான் விமானம் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசியதற்காக ஓர் ஆசிரியை ரேமண்டின் தகப்பனைச் சோளமணிகளின்மேல் முழந்தாளில் நிறுத்தினாளாம். தகப்பன் தன் பிள்ளைக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. வீட்டில் தாயும் தகப்பனும் பேசியதைக் கேட்டுப் பொறுக்கிய கொஞ்சந்தான் ரேமண்டிடம் இருந்தது. அதிலும் பாதி தூஷணம். இன்னொரு வேடிக்கை. அவர்களுடைய முன்னோரைப் பிரிட்டிஷ்காரன் கப்பலேற்றித் துரத்தியது இந்தக் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்துதான். இருநூறு வருடத்துக்குமேல் கழித்து அதே நாட்டுக்கு, ஒரு கனடாப் பெண்ணைக் கட்டி, வெளிநாட்டவனாக வந்து நின்று மா வறுக்கிறான்.

அதே அடுப்படியில் முத்து இருந்தான். மலேசியாக்காரன். பேராக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். அவனுடைய பாட்டன்மாரையும் பிரிட்டிஷ்காரன்தான் கப்பலேற்றினான். ஆசை காட்டி ஏற்றினான். முத்து என்னை 'அண்ணே' என்பான். 'அண்ணை' என்று கேட்டுப் பழகிய என் காதுக்கு அந்த இழுவை முதலில் அந்நியமாக இருந்தது, பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. டோர்செட் பார்க்கில் நான் இருந்த அடுக்குமாடியிலேயே அவனும் மனைவி லெட்சுமியும் ஓர் அறை எடுத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் போவோம். தமிழ் ஒன்றென்றாலும் நான் 'கதைக்கிறது' என்பதை அவன் கதை சொல்வதென்று நினைத்து, வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

வெங்காயம் வெட்டுகிற நேரத்தில் ரேமண்டுக்கும் முத்துவுக்கும் ஒரு போட்டி நடக்கும். யார் கூடக் கஷ்டப்பட்டவன் என்பதில். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பேன்.

"எங்கள் வீட்டில் மின்சாரம் வர முந்தி நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்" என்பான் ரேமண்ட்.

"வீடு இருந்திச்சுல்ல? அவன் பேர்லதானே இருந்திச்சு? கேளுங்கண்ணே."

கேட்டேன். ஓம், வீடும் நிலமும் அவர்களுடையதுதான். படகும்கூட.

"அப்ப அவன் பணக்காரன்லா. நமக்கு வீடு கம்பெனியோடது. வேல செஞ்சாத்தான் வீடு. எங்கப்பா மரம் வெட்டிப் பாலெடுத்த வரைக்கும் வீடு. தோட்டத்த வித்தாங்க, கூரையக் கழட்டிட்டாங்க."

இதை நான் சொன்னதும் ரேமண்ட் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "ஆனால் இவன் தன் மொழியில் எழுதுகிறான், வாசிக்கிறான்" என்றான். முத்து அடுப்படிச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே தமிழில் ஏதோ எழுதி ஒட்டியிருந்ததை அவன் கவனித்திருக்கிறான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்பு வரைக்கும் தமிழ்தான் என்றான் முத்து. கூரை ஒழுகும், வாத்தியார் மாறுவார், ஆனால் தமிழ். "ஒழுகிற பள்ளிக்கூடமா? எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நல்ல கூரை இருந்தது" என்று ரேமண்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பெருமை ஒன்றும் இருக்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது இதை யோசித்துக்கொண்டே போவேன். எண்ணெய்க் கம்பெனிகள் லூசியானாவுக்கு வந்தபோது கேஜன்களுக்குச் சம்பளம் வந்தது, டிரக் வந்தது, கூடவே கம்பெனி வெட்டிய கால்வாய்களால் கடல் உள்ளே வந்தது. ரேமண்டின் ஊர் வருடாவருடம் கரைகிறது. முத்துவின் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு இவ்வளவு ஆட்கள் தேவையில்லை. மிச்ச நிலத்தில் கோல்ஃப் மைதானம். ஒருவனுக்கு நிலம் இருந்தது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவனுக்குக் காப்பாற்ற நிலமே இருந்ததில்லை. அந்தந்தத் தேசத்தின் செல்வம் பெருகிய கணக்கில் இரண்டு இடமும் சேர்ந்துதான் இருந்திருக்கும். இவர்கள் இருவரும் டொராண்டோவில் வெங்காயம் வெட்டுகிறார்கள். எனக்கோ கல்வீடு, எங்கள் பெயரிலேயே காணி உறுதி, பட்டணத்துப் பள்ளிக்கூடத்துப் படிப்பு, எல்லாம் இருந்தன. இப்போது வீட்டைச் சுற்றி முட்கம்பி, உள்ளே ராணுவம். மூன்றில் எது மேல் என்று தராசு பிடிக்க நான் யார். கையில்லாதவனும் காலில்லாதவனும் நடக்கிற போட்டிக்குக் கண்ணில்லாதவன் நடுவர்.

அந்தக் கோடையில் முதலாளி கடையை மூடப்போவதாகச் சொன்னார். எனக்கு அது பெரிய இடியில்லை. இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தவன், வேறு அடுப்படி தேடலாம். முத்துவின் வேலை அனுமதி கடையின் பேரில் இருந்தது. இன்னொருவர் வேலைக்கு எடுக்காவிட்டால் அவனும் லெட்சுமியும் மலேசியாவுக்குத் திரும்பவேண்டும். திரும்பிப்போய் இறங்க ஒரு வாசல் இல்லை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் பட்டணத்தோரம் உறவுக்காரர் போட்ட பலகைக் குடிசையொன்றில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரேமண்ட் டொராண்டோவுக்குக் கிழக்கே விட்பியில், புது வீடுகள் முளைத்த இடத்தில், சொந்தமாகக் கடை தொடங்கப்போகிறான், அவனுக்கு ஒரு சமையற்காரன் தேவை என்பது ஒன்றுதான் நம்பிக்கை. ஆனால் கடைக்குப் போடப்போகும் பணம் அவன் தகப்பன் அல்ஸீட் படகை விற்ற பணம். கிழவர் நேரில் வருகிறார், முத்துவைப் பார்க்கவேண்டும் என்கிறார். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மனைவியையும் கூட்டி வா. அப்பாவுக்குப் பிடித்தால் போதும்" என்றான் ரேமண்ட். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டான்.

முத்து கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வெளிக்கிட்டான். சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தான். லெட்சுமி மஞ்சள் சேலை, கையில் ஒரு போத்தல் சம்பல், பெலாச்சான் என்கிற இறால் கருவாட்டுக் கட்டி போட்டு இடித்தது. ரயிலில் அதன் மணத்துக்கு எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

விட்பியில் ரேமண்டின் வீட்டுப் பின்வளவில் நீளமான மேசை. மேசை முழுக்கப் பழைய பேப்பர் விரித்திருந்தது. பக்கத்தில் காஸ் அடுப்பில் ஓர் அண்டா. அல்ஸீட் மெலிந்த உயர்ந்த மனிதர், கை மட்டும் அவருக்குப் பெரிதாக இருந்தது. வயதேறப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை விட்டுப் பிரெஞ்சுக்கே திரும்பிவிட்டாராம். லூசியானாவிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்ததை அவித்திருந்தார். இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் நடுவில் பிறந்த மாதிரி ஒரு சிவப்பு உயிரினம், சேற்றில் வாழ்வது. தகப்பனும் மகனும் அண்டாவின் உள்வடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, அவ்வளவையும், கிழங்கு, சோளம் எல்லாவற்றோடும், அப்படியே பேப்பர்மேல் கொட்டினார்கள். ஆவி பறந்தது. அவர்களுடைய முகத்தில் விருந்து வைக்கிறவனின் சந்தோஷம்.

முத்துவின் முகம் செத்துப்போனது.

"அண்ணே, தட்டு இல்லியா?"

"இல்லைத் தம்பி. உதுதான் அவையின்ரை முறையாம்."

"தீவாளிக்குத் தொரை பங்களாவுல விருந்து நடக்கும். முடிஞ்சதும் பின்பக்கம் பேப்பர விரிச்சு மிச்சத்தக் கொட்டுவாங்க. தோட்டத்துப் புள்ளைங்கல்லாம் ஓடும். எங்கப்பா என்னைய ஒருநாளும் விட்டதில்ல. கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவாரு." அவன் குரல் தாழ்ந்தே இருந்தது. "இதுக்கா என்னைய ரயிலேத்திக் கூட்டியாந்தீங்க?"

ரேமண்ட் கூப்பிட்டான். முத்து வயிற்றைத் தொட்டுக்காட்டி, நிறைந்துவிட்டது, நன்றி என்றான். இரண்டாம் தரமும் கூப்பிட்டான். இரண்டாம் தரமும் நன்றி. கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ரேமண்ட் என்னை அண்டாப் பக்கம் கூட்டிப்போனான். "இவனுக்கு எங்கள் சாப்பாடு அருவருப்பா என்று அப்பா கேட்கிறார். சேற்றுப்பூச்சி தின்னிகள் என்று எங்களைச் சொல்வார்கள். சின்னதில் அவர் மத்தியானச் சாப்பாட்டை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சாப்பிட்டவர். இதைத் தொடாத ஒருவனைத் தன் கடைச் சமையலுக்கு எடுக்கமாட்டார்."

இரண்டு பக்கமும் பழைய காயம். நடுவில் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாடு. என்னிடம் இருப்பதோ பாத்திரம் கழுவுகிற இடத்து ஆங்கிலம். 'எச்சில்' என்பதை எப்படிச் சொல்வது. பெரிய முதலாளி, பேப்பர், கொட்டினார், தொழிலாளியின் பிள்ளைகள், முதலாளி சாப்பிட்ட மிச்சம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ரேமண்ட் அதைத் தன் உடைந்த பிரெஞ்சில் தகப்பனுக்குச் சொன்னான். கிழவர் முத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குப் போய், வாங்கில் உட்கார்ந்து, சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டி, குவியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துத் தின்னத் தொடங்கினார். தலையைத் திருகி உறிஞ்சினார். தாடையில் சாறு வழிந்தது.

லெட்சுமிதான் முதலில் நகர்ந்தாள். அன்று முழுக்க வாய் திறக்காத பெண். நேரே போய்க் கிழவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். போத்தலைத் திறந்து, சம்பலைப் பேப்பர்மேலேயே, அந்தக் குவியலின் பக்கத்தில் கவிழ்த்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க. தொரை என்னைக்காச்சும் நம்ம கூட ஒக்காந்து தின்னுருக்கானா? இவரு தின்னுறாருல்ல. சும்மா மொறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, சட்டைக் கஞ்சி ஒடஞ்சிரும்."

அல்ஸீட் ஒன்றைச் சம்பலில் தோய்த்து வாயில் வைத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர். மேசையில் அடித்தார். இன்னொன்றைத் தோய்த்தார். முத்து மேசையடிக்கு வந்தான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பொக்கெற்றில் போட்டான். அவன் வாங்கில் உட்கார்ந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு பங்குனியில் இருந்தே எனக்குள் அடைபட்டுக் கிடந்தது மாதிரி இருந்தது. வளவுக்கு அப்பால் கட்டி முடியாத வீடுகள், அவற்றின்மேல் அகலமான வெளிச்சம், யாரோ புல் வெட்டுகிற சத்தம். அந்த ஒரு பொழுதில் என் கால்களுக்கு எங்கேயும் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

"தலையை உறிஞ்சவேண்டும், அங்கேதான் ருசி என்கிறார் அப்பா" என்றான் ரேமண்ட்.

"எங்களுக்கு நண்டு தெரியும்னு சொல்லுங்கண்ணே. தலைய உறிஞ்ச இவரு சொல்லித் தரணுமாக்கும்."

குவியல் பள்ளமாகிக்கொண்டு வந்தபோது கிழவர் கேட்டது ஒன்றுதான்: எப்போது தொடங்குகிறான்? இலையுதிர் காலத்தில், கடை திறக்கிற அன்றைக்கே என்றான் ரேமண்ட். அனுமதிக்கு வேண்டியதை நாளைக்கே பார்ப்பானாம். லெட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். சம்பல் உறைப்பு என்றாள். பெலாச்சான் சம்பலிலேயே வளர்ந்தவள்.

பின்னேரம் கிழவரும் ரேமண்டும் எங்களை ஸ்ரேசனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காரில் அல்ஸீட் ஒரு பால் பெட்டியைப் பற்றி வியந்துகொண்டே வந்தார். மகன் வீட்டுக் குளிர்பெட்டியில் பார்த்ததாம். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. வாசிக்க ஆளில்லாத ஊரில் பால் பெட்டிக்குத் தெரிந்த மொழி, தன் மகனுக்குத் தெரியவில்லை என்றார். ரேமண்ட் இதை மொழிபெயர்த்தபோது வீதியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேடையில் நின்றபோது, தண்டவாளம் கிழக்கே போகிற திசையில் கிழவர் கையை நீட்டினார். அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் தன் ஆட்களைக் கப்பலேற்றிய கரை வருமாம். அங்கே பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். அங்கே யாரையும் தெரியாது, ஊருக்குத்தான் போகவேண்டும், தண்ணீர் ஏறுகிறது. ஏரிக்காற்று நாலு பக்கமும் அடித்தது. என் வீட்டுத் திசை எதுவென்று மனதுக்குள் தேடிப்பார்த்தேன். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஒரே தூரம்தான் வரும்போலிருந்தது. மேற்கே டொராண்டோவுக்குப் போகிற எங்களுடைய ரயில் வெளிச்சத்தோடு வந்து நின்றது.

ஏறிக் கதவடியில் நின்றோம். அல்ஸீட் உரத்துச் சொன்னார், ரேமண்ட் பின்னால் நின்று ஆங்கிலமாக்கினான், நான் தமிழாக்கினேன். அடுத்த முறை வரும்போது முத்துவின் வீட்டில் வந்து சமைப்பாராம். வீடு எங்கே என்று கேட்கிறார்.

முத்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி அவரைப் பார்த்தான்.

"இனிமேத்தான் தேடணும்னு சொல்லுங்கண்ணே. ஆனா, வரச் சொல்லுங்க."