கருப்பு மேட்

தொண்ணூறுகளின் கடைசியில் வேங்கிக்கால் ஊரைத் தாண்டி ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஷீட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

சென்னையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் போர்டுகளைப் பொருத்துகிற மேஜைமேல் விரிக்க ஷீட் வேண்டும். கை உரசி உண்டாகும் மின்சாரம் அதன் வழியாக இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் போர்டு கெட்டுவிடும். பிளாஸ்டிக் கரண்டைக் கடத்தாது என்பதால் அதில் கரித்தூள் சேர்ப்பார்கள். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலி மாதிரி நின்றால்தான் கரண்ட் போகும். அதற்கு ஏகப்பட்ட தூள் பிடித்தது. அவ்வளவு போட்டால் ஷீட் அப்பளம் போல உடைந்தது.

மூன்று மாதம் மூக்கெல்லாம் கரியோடு அலைந்தேன். கடைசியில், சேர்த்து உருக்கினாலும் ஒன்றாகிவிடாத இரண்டு பிளாஸ்டிக்குகளைக் கலந்து பார்த்தேன். தூள் முழுக்க அதில் ஒன்றுக்குள் மட்டும் போய் நெருக்கியடித்துக்கொண்டது. பாதித் தூளுக்கும் குறைவாகவே போட்டிருந்தேன். கரண்ட் போகிறதா என்று காட்டும் மல்டிமீட்டரின் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. மடித்தாலும் ஷீட் உடையவில்லை. ஓனர் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மதியம், குடோனில் அடுக்கியிருந்த ஒரு கருப்பு ஷீட்டில் மீட்டர் குச்சிகளை வைத்தேன். முள் ஏறியது. குறித்துக்கொள்ளக் குனிந்தபோதுதான் கவனித்தேன், அது என் ஷீட் இல்லை. ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் போடுகிற மேட். ஷாக் அடிக்காமலிருக்க ஜனங்கள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். அதில் முள் அசையவே கூடாது. அடியிலிருந்து இன்னொன்றை உருவி வைத்தேன். அதிலும் ஏறியது.

மிக்ஸிங் மிஷின் ஓட்டுகிறவரிடம் ஓடினேன்.

“அண்ணா, இந்த மேட்டுக்கு என்ன போட்டீங்க?”

“உன் ஷீட்டுல வெட்டுன கழிவுதாம்மா. ஜாஸ்தியா சேர்ந்துபோச்சு, அரைச்சுப் போடுன்னு ஓனர் சொன்னாரு. ரெண்டும் கருப்பாத்தானே கீது?”

ஓனருக்கு முதலில் புரியவில்லை. “ஏம்மா, இதுல கரி கம்மின்னு நீதானே சொன்ன?” என்றார். கம்மியாக இருந்தும் கடத்தும்படி செய்தவள் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மீட்டரைக் காட்டினேன். அவர் பில் புக்கைப் புரட்டி, எலக்ட்ரிக் கடை ஒன்றுக்கு ஆறு மேட் போயிருப்பதாகச் சொன்னார்.

கடையில் நாலு மேட் அப்படியே இருந்தது. ஒன்றைக் கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லுக்கு விற்றிருந்தார்கள். இன்னொன்றை வாங்கியவர் யாரென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. “செங்கம் ரோடு பக்கம் வீடு கட்டுறாராம்” என்றார்.

மழையிலேயே பஸ் பிடித்தேன். மில்லில் நெல் அவித்த தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் போர்டுக்கு முன்னால், ஈர மேட்டின்மேல் வெறுங்காலோடு மில் ஆபரேட்டர் நின்று ஃபியூஸைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

“தொடாதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் திரும்பினார். என்னவென்று சொன்னதும் சிரித்தார்.

“முன்னல்லாம் மெயினை அமத்திட்டுத்தான் ஃபியூஸ் போடுவேன். மேட் வந்ததுலேர்ந்து அந்த வேலையே இல்லைங்க. மேல நின்னுக்கினா கரண்ட் அடிக்காதாம்.”

மேட்டில் குச்சிகளை வைத்துக் காட்டினேன். முள் ஏறுவதைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“ரெண்டு நாளா சுர்ருனு புடிச்சுதுங்க,” என்றார் மெதுவாக. “கை ஈரம்னு நெனைச்சேன்.”

சட்டென்று தாண்டி ஈரத் தரையில் நின்றார். பிறகு அதுவும் பயமாகி வாசல் வரை போய்விட்டார். மேட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த மேட்டையெல்லாம் ஓனர் அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். அதற்கப்புறம் என் ஷீட்டின் கழிவு தனி அறையில் பூட்டியே கிடந்தது. நான் மட்டும் செங்கம் ரோட்டில் ஒரு வாரம் நடந்தேன். அந்த ரோட்டிலிருக்கும் ஆசிரமத்தைத் தாண்டி எங்கு பார்த்தாலும் புது வீடு. ஒவ்வொன்றிலும் ஏறிக் கேட்டேன். சிலர் உள்ளே விட்டார்கள், சிலர் எதையோ விற்க வந்தவள் என்று துரத்தினார்கள். மேட் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் கல்யாணமாகி, வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனேன். ஷீட் நன்றாக விற்பதாகக் கேள்விப்பட்டேன். நான் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் மாவட்டச் செய்தியைத்தான் பார்ப்பேன். ஒருநாள் அதில், செங்கம் ரோட்டுப் புது வீட்டில் மோட்டார் போடப் போனவர் ஷாக் அடித்து இறந்ததாக நாலு வரி இருந்தது. அவர் எதன்மேல் நின்றிருந்தார் என்று போட்டிருக்கவில்லை. போய்க் கேட்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். ரெண்டு பஸ் வந்து போனது. ஏறவில்லை.