பதினாறு வருட மெத்தை

மனைவி இறந்து ஏழெட்டு மாதம் கழித்து எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தவுடன் இருபது, முப்பது தும்மல். மூக்கு அடைத்துக்கொள்ளும், கண் எரியும். பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. வேலைக்குக் கடல் தாண்டிப் போகும் ஃபெரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து தள்ளிப் போவார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது எதைப் பற்றியும் ஒன்றும் தோன்றியதில்லை.

கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அக்காதான் விடவில்லை. இறால்தான் காரணம் என்று அவளே முடிவுகட்டினாள். இறாலை நிறுத்தினேன், தும்மல் நிற்கவில்லை. கடைசியில் ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றில் தோல் அலர்ஜி டெஸ்டுக்கு அவளே நாள் வாங்கினாள்.

முதல் தடவை போனது வீண். என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று தமிழ் நர்ஸ் கேட்டார். தினமும் போடும் பிரஷர் மாத்திரையையும், முந்தின நாள் சளி மாத்திரை போட்டதையும் சொன்னேன். சளி மாத்திரை உடம்பில் இருந்தால் அலர்ஜி இருந்தாலும் தோல் தடிக்காதாம்.

“ஒரு வாரம் கழிச்சு வாங்க அண்ணே. சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை எதுவும் வேணாம் லா. பிரஷர் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரக் கேட்டுக்கலாம்.”

ஒரு வாரம் மருந்தில்லாமல் தும்மிவிட்டு மறுபடி போனேன். முன்கையின் உள்பக்கம் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இறால், தூசி என ஒவ்வொரு பொருளின் சாற்றிலும் ஒரு சொட்டு விட்டு, சின்ன ஊசிமுனையால் மேலாகக் குத்தினார். நகத்தால் அழுத்தியது போலத்தான் இருந்தது. இரத்தம் வரவில்லை. ஒரு சொட்டு எல்லோருக்கும் தடிக்க வேண்டியது, ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கும் தடிக்காது. அவை இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம் என்றார். கால் மணி நேரம் சொறியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மலாய் மொழியில் பேசினார். இறால் சொட்டு லேசாகத் தடித்திருந்தது. இறால் சாப்பிட்டு எப்போதாவது உதடு வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சாப்பிடலாம், கை தடித்ததை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்றார். பெரிதாகத் தடித்தது தூசிப் பூச்சியின் சொட்டு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மெத்தையில் வாழ்வது.

மெத்தைக்கு எத்தனை வயது என்று கேட்டார். பதினாறு வருடம் என்றேன். யார் யார் படுக்கிறீர்கள் என்றார். நான் மட்டும் என்றேன்.

உறை போட்டும் பார்க்கலாம், ஆனால் இவ்வளவு பழையதை மாற்றுவதே நல்லது என்றார். டெஸ்டுக்குப் பிறகு அரிதாகச் சிலருக்கு மூச்சுத் திணறலாம் என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அக்கா வந்தாள். மெத்தை லிஃப்டில் நுழையவில்லை. படி வழியாக இறக்கினோம். மூன்றாவது மாடியில் அவள் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் மனைவி கடைசி மாதங்களில் படுத்திருந்தது அதில்தான். சரியாமல் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ அழவே மாட்டியாடா?”

“கை வலிக்குதுக்கா. தூக்கு.”

கீழே குப்பை போடும் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம்.

ஒன்றரை மாதத்தில் தும்மல் நாலைந்தாகக் குறைந்தது. மூக்குக்கு ஸ்ப்ரே அடிக்கிறேன். கட்டில் இரண்டு பேருக்கானது. வாங்கியது ஒற்றை மெத்தை. மீதிப் பலகையில் துவைத்த துணிகளைப் போட்டு வைக்கிறேன்.