வதனிக்கு நான் 'நல்லது' என்று சொன்ன ஹீட்டர்

வதனி இறந்துவிட்டார்.

காலையில் எங்கள் பலேர்மோ தமிழ் குறூப்பைத் திறந்தேன், முதலில் அதுதான் இருந்தது. வேறு யாராவது வதனியாக இருக்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்... அவர்தான். மாரடைப்பாம். கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவில், அவர் தங்கியிருந்து பராமரித்த வயதான இத்தாலியச் சிக்னோறாவின் வீட்டுக் குசினியில். சிக்னோறாதான் முதலில் கண்டாராம்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன். இது மூன்றாவது.

தெரியாதவர்களுக்காக... நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவன். இங்கே ஒரேத்தோவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். மலிவு விலை மின்சாரச் சாமான்களைப் பற்றிக் குறூப்பில் எழுதுவது என் பொழுதுபோக்கு. கேத்தில், விசிறி, முட்டை அவிக்கும் மெஷின், எதுவானாலும் அரை மணித்தியாலம் ஓடவிடுவேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியை வைத்துப் பார்த்து, கொப்பியில் குறித்து, அதன்பிறகுதான் போஸ்ட்.

ஆனால் ஒருவரையும் நோகடிக்க எனக்குப் பயம். மோசமான சாமானுக்கும் "ஓரளவு திருப்தி" என்றுதான் எழுதுவேன்.

வதனிக்கு அந்தப் பயம் கிடையாது. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் தவிர அவருக்கு வெளியே வர முடியாது. மற்ற நாட்களில் என் போஸ்டுகளுக்குக் கீழேதான் இருப்பார்.

கைவிசிறி ஒன்றைப் பற்றி எழுதினார்: "காத்து வருது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எங்கடை சிக்னோறா பெருமூச்சு விட்டால் இதைவிடக் கூட வரும்."

முட்டை மெஷினுக்கு: "தண்ணி அளக்க ஒரு கப், முட்டையைக் குத்த ஒரு ஊசி, முடிஞ்சதும் ஒரு சத்தம். ஏன் மாஸ்டர், சட்டிக்கு என்ன வருத்தம்?"

ஒருநாள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளக்கம் போட்டார். "மாஸ்டர் 'நல்லது' எண்டால் வாங்குங்கோ. 'ஓரளவு திருப்தி' எண்டால் வாங்காதேங்கோ. 'நிறம் அழகு' எண்டால் அந்தப் பெட்டியைத் தொட்டும் பாக்காதேங்கோ."

குறூப் முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதி. இனி ஒருவரையும் நோகடிக்காமலே உண்மையைச் சொல்லிவிடலாம் அல்லவா...

கடைக்காரர்களும் அதை வாசித்தார்கள்.

தை மாதம் ஒரு சின்ன ஹீட்டரைச் சோதித்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் பிளக்கைத் தொட முடியவில்லை. "நிறம் அழகு" என்று போட்டேன்.

அன்று பின்னேரமே அதை விற்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடும் அவருடையதுதான். மகனின் பெர்மெசோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப், புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். தேத்தண்ணி குடித்தார். கோபிக்கவே இல்லை.

"மாஸ்டர், 'நல்லது' எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ, காணும். நிறத்தைப் பற்றி மட்டும் கதையாதேங்கோ. அது இப்ப எனக்கும் விளங்கும்."

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் பிஸ்கட் தட்டைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். அவர் முன்னாலேயே மாற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வியா மக்வேதா தெருவில் வதனி என்னைக் கண்டு நின்றார். கைப்பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்துக் காட்டினார். பாதி உருகியிருந்தது.

கடல் ஈரத்தில் அவருடைய அறை தாங்க முடியாத குளிராம். என் சொல்லை நம்பி வாங்கியிருக்கிறார். சுவர் கருகிவிட்டது. அந்த அறையில் இனி எதையும் செருகக்கூடாது என்று சிக்னோறாவின் மகன் சொல்லிவிட்டானாம்.

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாஸ்டர், உங்களை ஆர் வெருட்டினது?"

"வீட்டுக்காரற்றை கையெழுத்து, தங்கச்சி... மகனுக்கு."

பிளக்கைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார்.

"எனக்கு சிக்னோறான்ரை கையெழுத்து," என்றார். "அவ கண்ணை மூடினால் வேலையும் இல்லை, கட்டிலும் இல்லை, பெர்மெசோவும் இல்லை. நாள் முழுக்க அவவின்ரை மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

பிறகு அவரே சிரித்தார். "சரி, கையெழுத்து வரட்டும். வந்த அண்டைக்கே அந்தச் சொல்லை எடுத்துப்போடுங்கோ, என்ன? வேறை ஆரும் வாங்கிப்போடுவினம்."

அதற்கும் "ஓம்" என்றேன்.

வதனி அந்தப் பிளக்கைப் படமெடுத்துக் குறூப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த ஹீட்டரைப் பற்றி ஒரு கொமெண்ட்கூட எழுதவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் வழமைபோலப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

கையெழுத்து இன்னும் வரவில்லை. பெர்மெசோவுக்காகக் கொஸ்தூராவுக்கு, அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்குப், போகும் நாள் அடுத்த மாதம். என் 'நல்லது' இன்று காலைவரை அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே மூன்று பேர், "நன்றி மாஸ்டர், நாங்களும் வாங்கீட்டம்."

இன்று காலை மகனிடம் சொன்னேன், மாற்றப் போகிறேன் என்று.

"அப்பா, இன்னும் ஒரு மாசம்தானே. அவ இனி வந்து வாசிக்கப் போறாவே?"

அவன் கெட்டவன் அல்ல. அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

அவன் வேலைக்குப் போனபின் மாற்றினேன். பிளக் ஆபத்தான அளவுக்குச் சூடாகிறது, வாங்க வேண்டாம், வாங்கியவர்கள் செருக வேண்டாம் என்று நேராகவே எழுதினேன். இவ்வளவு நேராக நான் எதையும் எழுதியதில்லை. எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. திரும்பத் திறந்தால் அழித்துவிடுவேனோ என்று பயந்து, திருத்தப் போகவில்லை.

வாங்கிய மூவரும் தயவுசெய்து பாருங்கள்.

வீட்டுக்காரர் இரண்டு தரம் அழைத்துவிட்டார். நான் எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் போன் அடிக்கிறது... மகன் ஐந்து மணிக்கு வருவான். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போயிட்டு வாங்கோ, தங்கச்சி. அந்தச் சொல்லை எடுத்துப்போட்டன்.