காலையில் மருந்து கொடுத்தீர்களா?

கொரோனா காலத்தில் என் மூக்குக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. மட்டக்களப்பு நகரில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு நிலையத்தில் நான் ஆசிரியை. வயிற்றில் நான்கு மாதம். மீன்காரரின் சைக்கிள் வீதி முனையில் திரும்பும்போதே எனக்குக் குமட்டும். முகக்கவசம் ஒன்றுக்கும் உதவாது.

காலையில் வாசல் கேற்றடியில் பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடிப்போம். பச்சை காட்டினால் பிள்ளை உள்ளே. லீவு கேட்க முடியாத தாய்மார், விடிய எழும்பிப் பனடோல் பாணியைப் பருக்கி, காய்ச்சலை அடக்கிக் கொண்டுவந்து தந்துவிடுவார்கள். பத்து மணிக்கு மருந்தின் வேகம் தணிய, பிள்ளை எங்கள் மடியில் கொதிக்கும். அந்தப் பாணியின் வாசத்தை நான் கேற்றடியிலேயே பிடித்துவிட்டேன். ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன்.

"கருவிய எறிஞ்சிட்டு என்னைக் கேற்றடியில நிப்பாட்டுங்க மிஸ்" என்று பொறுப்பாசிரியையிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து கேற்றடி எனக்கே வந்தது. வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வேலை.

பிறகு ஒரு மழை நாள். ஓடிவந்த தாய் தன் சின்ன மகளை என் கையில் திணித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். மழை வாசத்தில் என் மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பத்து மணிக்குப் பிள்ளையின் உடம்பு நெருப்பு. தாயின் போன் வேலை செய்யவில்லை. மதியம்வரை வேறு யாரிடமும் போகாமல், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் முகத்திலேயே இருமினாள். மூன்றாம் நாள் அந்த வீட்டில் கொரோனா என்று செய்தி வந்தது. என்னைத் தனிமைப்படுத்தினார்கள். எனக்குத் தொற்றவில்லை. ஆனால், அந்த அறையில் ஒவ்வொரு காலையும் வயிற்றில் கையை வைத்தபடி பயந்துதான் கிடந்தேன்.

திரும்பிப் போனதும் பொறுப்பாசிரியை சொன்னார்:

"புள்ள, நீ இனி வீட்ட நில்லு. குழந்த பிறக்கட்டும், மறுகா பாப்பம்."

பிறகு பார்ப்போம் என்ற அந்த 'மறுகா பாப்பம்' எதில் முடியும் என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒரு டீச்சர் அப்படித்தான் வயிற்றோடு வீட்டுக்குப் போனார். அவருடைய இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாது என்னிடம் வந்தபோது, நடந்ததைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். "வயித்துப்புள்ளக்காரி எண்டு ஆரையும் வேலையால நிப்பாட்ட ஏலா. சண்ட பிடியாத. எழுதிக் குடுத்துப் பிரதியில ஒப்பம் வாங்கு."

ஒரு பக்கம் எழுதினேன். கேற்றடியில் நிற்கமாட்டேன், காய்ச்சல் பிள்ளையைத் தூக்கமாட்டேன். பெரிய பிள்ளைகளுக்கு விறாந்தையில் கதை சொல்வேன். பிரசவ லீவு முடிய இதே வேலைக்கு வருவேன். கடைசியில் ஒரு வரி: காலையில் மருந்து கொடுத்தீர்களா என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுத வேண்டும், கொடுத்திருந்தால் அன்றைக்குப் பிள்ளை வீட்டில்.

பொறுப்பாசிரியை இரண்டு தரம் வாசித்தார். "எங்க இருந்துகா உனக்கு இந்தத் துணிவு?"

"கேற்றடியில நிண்டு வந்தது மிஸ்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒப்பம் வைத்தார். எனக்கு அந்த ஒப்பம் போதும்.

லீவு முடிய அதே வேலைக்குப் போனேன். கொஞ்ச நாளில் என் மகளும் என்னோடு அங்கேயே வரத் தொடங்கினாள். ஒரு நாள் விடிய அவளுக்கு உடம்பு சுட்டது. அன்று பெற்றோர் கூட்டம். நடத்த வேண்டியவள் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பனடோல் பாணியைப் பருக்கிக் கொண்டு போனேன்.

கேற்றடியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் நின்றாள். கருவி பச்சை காட்டியது. "காலையில மருந்து குடுத்தீங்களா டீச்சர்?" என்று என்னிடமே கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம் மீன்காரரின் சைக்கிள் எங்களைக் கடந்தது. அவள் முகக்கவசத்துக்கு மேலே கையை வைத்து அழுத்தி, கேற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வயிற்றில் இருப்பதை யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கமாட்டாள்.

"ஓம், ஆறு மணிக்குக் குடுத்தன்" என்றேன். "எழுது. நான் இண்டைக்கு லீவு, கூட்டத்த மிஸ் நடத்தட்டும். நாளைக்கு என்ட கடிதத்தக் கொண்டுவாறன், பாத்து நீயும் ஒண்டு எழுதிக் குடு."

மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.